பெயர் எழுதிய கிராணியின் மகன்

வேலாயுதம் அண்ணன் காலமான செய்தியைப் புக்கிட் பாருவிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னார். சனிக்கிழமைக் கூட்டத்துக்கான அறிவிப்பை அப்போதுதான் அருங்காட்சியக வாசலில் ஒட்டியிருந்தேன். பேசுபவர் என்ற இடத்தில் அவர் பெயர். அதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை.

மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் அருங்காட்சியகம் இருக்கும் அந்தப் பழைய வீட்டுக்கு வந்து போனவர்கள் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். நில அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை வீட்டின் நடுக்கூடத்தில் மலாக்கா வரலாறு பேசுவார். முதலில் தமிழில், பிறகு, தலைமுறைகளாக மலாய் பேசி வளர்ந்த, தமிழ் அறியாத மலாக்கா செட்டி குடும்பங்களுக்காக அதையே மலாயில். நான் கடிகாரத்தைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. "கேக்கறவங்க இருக்கற வரைக்கும் கூட்டம் முடியல தம்பி" என்பார்.

ஒருமுறை ஜப்பான்காரர் காலத்தைப் பற்றிப் பேசினார். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆட்களை அனுப்பியதையும், போனவர்களில் பெரும்பாலோர் திரும்பாததையும் சொன்னார். அப்போது தெங்கேராவிலிருந்து வந்திருந்த முனியம்மா எழுந்தார். அதே தோட்டத்தில் பிறந்தவர். ஐந்து வயதில், அப்பாவை லாரியில் ஏற்றிப் போனதைப் பார்த்தவர்.

"யார் யார் போகணும்னு பேர் எழுதிக் குடுத்தது யாரு சார்?"

ஜப்பான்காரன் உத்தரவு என்று சொல்லியிருந்தால் யாரும் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணன் கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்தார்.

"எங்கப்பாதாம்மா. அங்க தோட்டத்துக் கணக்கு எழுதற கிராணியா இருந்தாரு. எங்க சித்தப்பா பேர மட்டும் எழுதல."

முனியம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அண்ணன் அதே பதிலை மலாயிலும் சொன்னார். கூட்டம் கலைந்த பிறகு, சித்தப்பா விஷயத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று நான் கோபித்துக்கொண்டேன். "அந்தம்மா கேட்டதே அதத்தான் தம்பி. யாரு பேர எழுதலங்கறதும் அதுல வருதுல்ல" என்றார். அன்று அவர் தேநீரைத் தொடவே இல்லை.

அடுத்த இரண்டு மாதம் முனியம்மா வரவில்லை. தெங்கேராவுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று அண்ணன் யோசித்தார். தன் மனச்சுமையை முனியம்மாவின் வீட்டு வாசலில் இறக்கி வைப்பது சரியில்லை என்று இருந்துவிட்டார். மூன்றாவது மாதம் முனியம்மாவே வந்தார். மன்னித்துவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்கப்பா பேரு மாரிமுத்து. இனிமே இதப் பேசறப்ப பேரையும் சொல்லுங்க."

அதன்பின் அந்தப் பேச்சில் அண்ணன் அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டதே இல்லை.

அறிவித்தபடியே சனிக்கிழமைக் கூட்டம் நடந்தது. அவரைப் போல் எனக்குப் பேச வராது. மாரிமுத்து என்பவரைச் சயாமுக்கு அனுப்பினார்கள் என்று சொன்னேன். அவர் பெயரை எழுதிக் கொடுத்தவர் நம் அண்ணனின் அப்பா என்றும் சொன்னேன். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதுதான் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது.