நாற்பது கிராம் கொசுறு

நஃபீசாவுக்குக் கொடுத்துப் பழகிய கை. அவளுடைய வாப்பா லிட்டில் இந்தியாவில் மளிகைக்கடை வைத்திருந்தவர். தராசு நேராக நின்ற பிறகும் மேலே ஒரு பிடி அள்ளிப் போடாமல் பொட்டலம் கட்ட மாட்டார். அந்தக் கொசுறுக் கை மகளுக்கும் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக அவளுக்கு ஏர்கான், அதாவது குளிர்சாதனம், பழுதுபார்க்கும் வேலை. யார் வீட்டில் வாயு நிரப்பினாலும் அளவுக்கு மேல் கொஞ்சம் போகும். பழைய இயந்திரங்கள், பாவம், பொறுத்துக்கொண்டன.

அன்று போன இடம் அப்படியல்ல. புக்கிட் பாத்தோக் மூத்தோர் நிலையத்தில் புதிதாக ஒரு ஹீட் பம்ப். நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய குழாய்களிலிருந்து சூட்டை எடுத்து, குளிக்க வெந்நீர் தரும். உள்ளே ஓடுவது புரொப்பேன் என்ற வாயு. பூமியைச் சூடாக்குவதில் பழைய வாயுக்களின் கால்தூசிக்குக்கூட வராது. ஆனால் நெருப்பைக் கண்டால் சும்மா இருக்காது. அந்த அறைக்கு எண்ணூற்றைம்பது கிராம்தான், அதற்கு மேல் கூடவே கூடாது. சரியாக நிரப்பினால் பொறியாளர் வெங்கடேஷ் கையெழுத்துப் போடுவார், இந்த வாயுவைக் கையாள அவள் பெயரில் அனுமதி அட்டை வரும். மூன்று மாதம் வகுப்புக்கு அலைந்தது அதற்குத்தான்.

வெங்கடேஷ் போன் பேச வெளியே போயிருந்தார். தராசில் இருந்த வாயு உருளை சரியாக எண்ணூற்றைம்பது கிராம் இளைத்தது. வால்வை மூடப் போன கை சும்மா இருந்ததா? இன்னும் நாற்பது கிராம் உள்ளே போய்விட்டது!

இயந்திரம் முணுமுணுக்கவில்லை. திரும்பி வந்த வெங்கடேஷ் குழாயைத் திறந்து பார்த்தார்.

“வெந்நீர் கொட்டுதுக்கா, சூப்பர்!” என்று பேனாவை எடுத்தார்.

யாருக்குத் தெரியப் போகிறது? பக்கத்து அறையில் கேரம் ஆடும் பெரியவர்களின் சிரிப்பு கேட்டது. இந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. கசிந்தால் எந்த மூக்குக்கும் தெரியாது. நஃபீசா பேனாவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

“தம்பி, நில்லுங்க. நாப்பது கிராம் கூடப் போட்டுட்டேன்.”

“ஐயோ அக்கா! ஏன்?”

“பழக்கம் லா.”

வெங்கடேஷ் பேனாவை மூடினார். “இன்னிக்கு கையெழுத்துப் போட முடியாதுக்கா. நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“சொல்லலேன்னா அடுத்த தடவையும் ஊத்துவேன்.”

வாயு முழுவதையும் வெளியே இழுத்து, மறுபடி நிறுத்து நிரப்பி முடிக்க மாலையாகிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை வெங்கடேஷ் பக்கத்திலேயே நின்றார். இன்னொரு இயந்திரம், எழுநூறு கிராம். எழுநூறு வந்ததும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டே வால்வை மூடினாள். அட்டை கிடைத்தது.

நேராக வாப்பாவின் கடைக்குப் போனாள். இப்போது அதை, அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஜலாலுதீன் பார்த்துக்கொள்கிறார். பேரீச்சம்பழம் அரைக் கிலோ நிறுத்துவிட்டு, வழக்கம்போல் மேலே ஒரு பிடி அள்ளினார்.

“போடு காக்கா, தாராளமாப் போடு” என்றாள் நஃபீசா. “இது வெடிக்காது.”