கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள் நான். ‘அட்ஜஸ்ட்’ என்ற வினைச்சொல்லுக்கு அகராதியில் சரிசெய், திருத்து, பொருத்து என்றெல்லாம் போட்டிருக்கும். கைக்கடிகாரத்தை அட்ஜஸ்ட் செய்யலாம், மூக்குக்கண்ணாடியைச் செய்யலாம், டி.வி. ஆன்டெனாவைச் செய்யலாம். திருவண்ணாமலையில் ஆன்டெனாவைத் தவிர மற்றபடி மனிதர்களைத்தான் அட்ஜஸ்ட் செய்தோம்.

செங்கம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் வருவார். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று அவர் சொல்லும்போதே பாதி உட்கார்ந்திருப்பார். மளிகைக் கடைக்காரர் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்துவிட்டு அதையே சொல்வார். கேஸ் தீர்ந்துபோன பக்கத்து வீட்டுக்காரி, ஜாக்கெட்டைக் கை இறுக்கமாகத் தைத்துவிட்ட டெய்லர், எல்லோருக்கும் இந்த ஒரே சொல்தான். தமிழில் கேட்பதென்றால் கெஞ்ச வேண்டும், இல்லை அதட்ட வேண்டும். இங்கிலீஷில் கேட்டால் இரண்டும் தேவையில்லை. எனக்கும் அந்தச் சொல் பிடித்துத்தான் இருந்தது, கல்யாணம் ஆகும்வரை.

தொண்ணூறுகளின் கடைசியில் வேலூரில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு நல்ல வேலை, சொந்த வீடு. இரண்டாவது மாதமே கை நீட்டினார். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. எதிர்வீட்டுக்குப் போட்டால் அந்த வீட்டம்மா ஜன்னலில் நின்று அம்மாவைக் கூப்பிடுவார். எஸ்.டி.டி. பூத்தில் நின்று அழுதுகொண்டே சொன்னேன். எதிர்வீட்டம்மா பக்கத்தில் நிற்க, அம்மா என்னதான் கேட்பாள்?

“சரிம்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றாள்.

பொறுத்துக்கோ என்று சொல்லியிருந்தால் எதை என்று திருப்பிக் கேட்டிருப்பேன். விட்டுக்கொடு, சமாளி, அனுசரிச்சுப் போ, எதைச் சொல்லியிருந்தாலும் உள்ளே ஒரு அடி இருப்பது தெரிந்திருக்கும். இந்தச் சொல்லில் அது தெரியவில்லை, பஸ்ஸில் நகர்ந்து உட்காருவது போலத்தான் இருந்தது. நானும் நகர்ந்தேன். நகர நகர இடம் கம்மியாகிக்கொண்டே போனது.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குப் பெரிய பை ஒன்றோடு ஊருக்கு வந்தேன். திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. அதை வாய் திறந்து சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. தீபத்தன்று எங்கள் ஊரில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். போளூர், ஆரணி, சேத்துப்பட்டு என்று சொந்தமெல்லாம் வந்து இறங்கியிருந்தது. பாய்க்கு அட்ஜஸ்ட், பாத்ரூமுக்கு அட்ஜஸ்ட். அந்தக் கும்பலில் நானும் ஒரு விருந்தாளி மாதிரி ஒளிந்துகொண்டேன். சாயங்காலம் மாடியில் எல்லோரும் மலையைப் பார்த்து அரோகரா போடும்போது அத்தை என் காதருகே, “மாப்ள வரலியா?” என்றாள். லீவு கிடைக்கவில்லை என்றேன்.

மறுநாள் எல்லோரும் பொரி உருண்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் கிளம்பவில்லை. அன்று ராத்திரி முதுகிலிருந்த தழும்புகளைக் காட்டியதும் அம்மா எண்ணெய் எடுத்து வந்து தடவினாள். கதவருகே நின்றிருந்த அப்பா, “இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்குக் கலெக்டர் ஆபீசில் கிளார்க் வேலை. காலையில் சைக்கிளை வெளியே எடுக்கும்போது எதிர்வீட்டம்மா கேட்டுவிடுவார்.

“பொண்ணு இன்னும் கிளம்பலியா சார்?”

“தீபம் மலையேறட்டும்னு இருக்கா.”

பதினோரு நாளில் மலைமேல் தீபம் அணைந்தது. அடுத்த பவுர்ணமிக்குக் கிரிவலம் சுற்ற வேண்டுதல் என்றார். பிறகு பொங்கல். பிறகு மாப்பிள்ளைக்கு வெளியூரில் ட்ரெயினிங். ஒவ்வொரு பவுர்ணமிக்கும் அப்பா என்னை வேலூருக்கு அனுப்புவதாகச் சொல்லிச் சொல்லி, அதற்கடுத்த பவுர்ணமி வரை வீட்டில் வைத்துக்கொண்டார். பொய் சொல்லியே பழக்கமில்லாத மனுஷன். என்னால்தானே என்று கூசிப்போவேன். வாசலில் கோலம் போடக்கூட விடிவதற்கு முன்னாலேயே போய்விடுவேன், யார் கண்ணிலும் படக் கூடாதென்று. மலையைச் சுற்றிப் பவுர்ணமிக்கு லட்சம் பேர் நடப்பார்கள், நான் மளிகைக் கடை வரைகூடப் போவதில்லை.

சித்திரை மாதம் ஒரு காலை. எதிர்வீட்டம்மா கேட்டார். அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, “சித்ரா பவுர்ணமி முடியட்டும்னு...” என்று ஆரம்பித்தார். குரல் இழுத்தது. பாதியிலேயே எதைச் சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டார். அவர் கழுத்து வேர்த்திருந்ததை நான் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். என்னவோ போல் ஆகிவிட்டது. வெளியே வந்துவிட்டேன்.

“நான் போகலைங்க. அவரு அடிக்கிறாரு. இனிமே இங்கதான்.”

தெருவில் பால் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். எதிர்வீட்டம்மா கெட்டவர் இல்லை. நிஜமான இரக்கத்தோடுதான் சொன்னார்.

“எல்லா வீட்லயும் நடக்கறதுதாம்மா. நாமதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.”

“பண்ணிப் பாத்துட்டேங்க” என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தெருவில் வைத்து மானத்தை வாங்கிவிட்டேன், இனி இந்த வீட்டிலும் எனக்கு இடமில்லை என்று நினைத்தேன். பகல் முழுக்கப் பையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எங்கே போவதென்று மட்டும் தெரியவில்லை.

சாயங்காலம் வந்தார். கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். நான்தான் பரிமாறினேன். சோற்றைப் பிசைந்தாரே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை. தலை தட்டின் மேலேயே கவிழ்ந்திருந்தது.

“அத நான் சொல்லியிருக்கணும்மா” என்றார். “உன் வாயால சொல்ல வச்சிட்டேன்.”