திறக்க வேண்டிய கண்ணாடி

கோட்டாறு சலாஹுதீனுக்குப் பழைய வேன் ஒன்றுதான் கடை. நைட்டியும் பாவாடையும் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் புதுக்கடை, ஒரு நாள் தக்கலை, ஒரு நாள் ஆரல்வாய்மொழி என்று சந்தை சந்தையாகப் போவார். கூவி ஆள் சேர்ப்பது அவர். விற்பது மனைவி மும்தாஜ் பேகம். வருகிற பெண்ணை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தால் போதும், அளவு சொல்லிவிடுவாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து, முழங்காலில் பிளேட் வைத்த பிறகு, முன் இருக்கையில் காலை மடக்கி உட்கார அவளால் முடியவில்லை. பின் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டுதான் வருவாள். வண்டி ஓடினால் அவளுக்குக் குமட்டும். நல்லவேளையாக அந்த இருக்கைப் பக்கத்துக் கண்ணாடி, கதவைப் போல வெளிப்பக்கமாகத் திறக்கும் வகை. முகத்தில் கொஞ்சம் காற்று பட்டுக்கொண்டிருந்தால் ஊர் வரைக்கும் பேசிக்கொண்டே வருவாள்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒருநாள் அந்தக் கண்ணாடி படபடவென்று அடித்து, அதில் ஒட்டியிருந்த இரண்டு கீல்களும் விட்டுவிட்டன. விழுமுன் மும்தாஜ் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை கண்ணாடியை ஒரு நைட்டியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தாள்.

சலாஹுதீன் பெட்டிக்கடையில் விற்கிற சின்னப் பசையை வாங்கி ஒட்டினார். புதுக்கடை போகும் வழியில் ஒரு வேகத்தடை; மறுபடியும் விட்டது. மழையும் தொடங்கிவிட்டது. இந்தத் தடவை கீலை நம்பாமல், கண்ணாடியைச் சுற்றிச் சட்டத்தோடு சேர்த்துச் சிலிக்கான் பசையைப் பிதுக்கி மூடிவிட்டார். வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

“பாத்தியா மும்தாஜு? இனி கியாமத்து நாள் வரைக்கும் இளகாது, கேட்டியா!”

“நல்லாத்தான் ஒட்டியிருக்கிய” என்று அவளும் சிரித்தாள்.

அதன்பின் அவள் சந்தைக்கு வருவது குறைந்தது. ஒருநாள் கால் வலி என்றாள். ஒருநாள் விருந்தாளிகள் வருகிறார்கள் என்றாள். தனியாகப் போன சலாஹுதீன் பெரிய உடம்புக்காரிக்குச் சின்ன அளவை எடுத்து நீட்டி ஏச்சு வாங்கினார். அது பெரிதாகத் தெரியவில்லை. பிளேட் வைத்த காலில் ஏதோ கோளாறு, இவள் மறைக்கிறாள் என்ற பயம்தான் அவரை அரித்தது. வற்புறுத்தி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். கால் நன்றாகக் கூடியிருக்கிறது என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில், வெட்டூர்ணிமடம் தாண்டியதும் மும்தாஜ் இருக்கையைத் தட்டினாள். வண்டி நின்றதும் சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள். ஒட்டிய கண்ணாடி திறக்காது; முன்பக்கக் காற்று பின் இருக்கை வரைக்கும் வருவதில்லை. தண்ணீர் போத்தலோடு பக்கத்தில் நின்ற சலாஹுதீனுக்கு அப்போதுதான் புரிந்தது.

“இதுக்காக்கும் நீ வராம இருந்த? எனக்கிட்ட சொல்லக்கூடாதா?”

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். “நீங்க அவ்வளவு சந்தோசமா ஒட்டுனிய. அத எப்பிடி இளக்கச் சொல்லதுக்கு?”

அவர் அவளைக் கைப்பிடித்து வண்டியில் ஏற்றினார். வண்டியை வீட்டுக்கு விடாமல், வடசேரியில் கார்க் கண்ணாடி மாற்றுகிற ததேயுஸின் கடைக்கு விட்டார்.

ததேயுஸ் இரண்டு பசைகளை எடுத்து வைத்தார். “பாய், இது ரெண்டு டியூப கலந்து ஒட்டுதது. சீக்கிரம் பிடிக்கும், பலமும் உண்டு. ஆனா காய்ஞ்சா கல்லு மாதிரி ஆயிரும். வெயிலுக்குக் கண்ணாடி ஒருமாதிரி விரியும், இரும்பு வேறமாதிரி விரியும். இவிய தெறந்து அடைக்கதும் உண்டுல்லா? ஒருநாள் பட்டுனு விட்டிரும். இந்தக் கறுப்புப் பசை முன் கண்ணாடி ஒட்டுதது. ரப்பர் மாதிரி கூடவே இழுபடும். ஆனா காய நேரமாவும், வண்டிய நாளைக்கும் இங்கதான் விடணும்.”

“நாளைக்குப் புதுக்கடைச் சந்தையில்லா?” என்ற சலாஹுதீன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “நீ சொல்லு. எது வேணும்?”

“இழுபடுததே போதும். ஒரு சந்தை போனா போட்டு.”

“வெளிய கறுப்பா தெரியும், பரவாயில்லையா அக்கா?”

“தெரிஞ்சா தெரியட்டும் தம்பி. நான் உள்ளல்லா இருக்கேன்.”

சிலிக்கான் துளி இருந்தாலும் வேறு பசை பிடிக்காது என்றார் ததேயுஸ். கம்பியால் அறுத்துக் கண்ணாடியை வெளியே எடுத்ததும், தான் ஒட்டியதைத் தானே சுரண்டுவதாகச் சொல்லி சலாஹுதீன் பிளேடை வாங்கிக்கொண்டார். அவர் சுரண்டச் சுரண்ட, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மும்தாஜ் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துக்கொடுத்தாள். இரண்டு கீல்களையும் பசை வைத்துப் பொருத்தி, அசையாமல் டேப் ஒட்டிவிட்டு, ததேயுஸ் இருவரையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

மறுநாள் சந்தை இல்லாத சலாஹுதீன் வீட்டுக்குள் நடந்தபடி இருந்தார். மத்தியானத்துக்குள் இரண்டு தடவை ததேயுஸுக்குப் போன் போட்டார்.

“காயட்டும், இப்பிடி வந்து இருங்க” என்று மும்தாஜ் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அடுத்த சந்தை தக்கலை. வேன் பார்வதிபுரம் தாண்டியதும் அவள் ஒரு விரலால் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள். கறுப்புப் பசை கொஞ்சம் பிதுங்கி அசிங்கமாகத்தான் தெரிந்தது. கீல் அசையவில்லை. ஒரு பள்ளத்தைக் கண்டு சலாஹுதீன் வண்டியை ஆமையாக உருட்ட, பின்னாலிருந்து சத்தம் வந்தது:

“ஒழுங்கா விடுங்க. மத்தவிய எல்லாரும் கடை விரிச்சிருப்பாவ!”