பிஸ்டலா, ரிவால்வரா

நத்தம் பக்கத்தில் எங்கள் மாந்தோப்பு வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். ஒருநாள் பகலில், மாங்காய் வாங்க வந்ததாகச் சொல்லி இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். என் சங்கிலியை அறுத்தார்கள். தடுத்த கணவரை இடது தோளில் இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் அந்தக் கைக்குப் பழைய பலம் திரும்பவில்லை. மதியத் தூக்கமும் அவருக்குப் போய்விட்டது. துப்பாக்கி உரிமத்துக்கு மனுப் போட்டார். விசாரணை எல்லாம் முடிந்து அது கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். வழியெல்லாம் பிஸ்டல்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தார். "ரிவால்வர்ல ஆறு குண்டுதான், பிஸ்டல்ல கூடப் போடலாம். நாலு பேரு வந்துட்டா என்ன செய்ய?"

கடைக்காரர் குண்டில்லாத பிஸ்டல் ஒன்றைக் கொடுத்தார். "மேல இருக்குற இந்த ஸ்லைடப் பின்னால இழுத்து விடுங்க சார். அப்பத்தான் முதல் குண்டு உள்ள ஏறும்."

கணவர் இடது கையால் இழுத்தார். பாதியில் நின்றது. மறுபடி இழுத்தார். மூன்றாம் முறை வயிற்றோடு அணைத்து இழுக்கப் பார்த்தபோது குழல் என் பக்கம் திரும்பியது. காலி என்று தெரிந்தும் ஒதுங்கினேன். கடைக்காரர் குழலை மெல்லச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டார். கணவருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"எனக்கு இது பிடிக்கலங்க. ரிவால்வரே எடுங்க" என்றேன்.

கடைக்காரர் புரிந்துகொண்டார். "அம்மா சொல்றதும் சரிதான் சார். அதுல இழுக்குற வேலையே இல்ல. விசைய அழுத்துனாப் போதும்."

ரிவால்வரை வாங்கித் திரும்பும்போது கணவர் கேட்டார். "எனக்காகத்தான சொன்ன?"

"ஆமா."



இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், கேட்டுக்கு வெளியே பைக்கில் இரண்டு பேர் வந்து நின்று கூப்பிட்டார்கள். ஜன்னல் வழியாக, "யாரு?" என்றேன். தோப்பைக் குத்தகைக்குக் கேட்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

"செத்த பொறுங்க" என்று திரும்பினேன். கணவர் என் பின்னால் நின்றார். ரிவால்வர் ஜன்னலை நோக்கி நீண்டிருந்தது. விரல் விசைமேல். நான் இடையில் நின்றேன்.

"தோப்பு கேக்க வந்தவங்க. விரல எடுங்க."

"அன்னைக்கும் இப்படித்தான் வந்தானுக."

"விரல எடுங்க."

"எடுக்க வரலடி" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. அருகில் போய், குழலைத் தரைப்பக்கம் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, விறைத்திருந்த விரலை விசையிலிருந்து பிரித்து எடுத்தேன். வந்தவர்களை, "இன்னொரு நாள் வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அவரே குண்டுகளைக் கழற்றினார். "இது இருந்தா நான் யாரையாவது கொன்னுருவேன். ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவோம்."

"சங்கிலிய அறுத்தவனுக மறுபடி வந்தா?"

மறுநாள் இரண்டு பேரும் போய் ஒப்படைத்துவிட்டு வந்தோம்.

இப்போது தோப்பு வாசலில் ஒரு காவல்காரக் குடும்பம் குடியிருக்கிறது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் மதியத்தில் கொஞ்ச நேரம் கண் அயர்கிறார்.