சொர்ணாம்பாள் அசையாமல் படுத்த ஒரு நிமிஷம்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் சொர்ணாம்பாளைப் போலப் பொம்மைக்குக் கண் எழுத இன்னொரு ஆள் கிடையாது. அவர் எழுதிய கண் எப்போது இமைக்குமோ என்று நாம்தான் இமைக்காமல் நிற்க வேண்டும். அவர் பிரஷ்ஷைக் கையில் எடுத்தால் ஜங்ஷனில் ரயில்கூட மூச்சுவிடாமல் நுழையும் என்பார்கள்.

அவர் எழுதி முடித்த பொம்மையைப் பதமாக வாங்கித் தட்டில் வைப்பது கணவர் கோவிந்தராசு. வைத்துவிட்டு "எடுத்தாச்சு" என்பார். அந்தச் சொல் வரும்வரை சொர்ணாம்பாளின் கை அசையாது. மூக்கில் ஈ உட்கார்ந்து குடும்பமே நடத்தினாலும் அசையாது.

இரண்டு வருஷம் முன்பு சொர்ணாம்பாளின் மூளையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து, கதிர்வீச்சு என்கிற கரண்ட்டும் வைத்தார்கள். இப்போது ஸ்கேனில் அதே இடத்தில் ஒரு திட்டு. கட்டி திரும்ப வளர்கிறதா, கரண்ட் வைத்த தழும்பா? கட்டியென்றால் மறுபடி மண்டையைத் திறக்க வேண்டும். திறந்தால் வலது கையில் பழைய பதம் இருக்காது என்று புதுச்சேரி டாக்டரம்மா சொல்லிவிட்டார். சொர்ணாம்பாளுக்கு உயிரைவிட அந்தக் கைதான் பயம்.

"மருந்த ஊசில ஏத்தி, ரத்தம் மூளையில எப்படி ஓடுதுன்னு விடாம படம் எடுப்போம்மா. கட்டின்னா ரத்தத்த நெறைய இழுக்கும், தழும்புன்னா இழுக்காது. ஆனா ஒரு நிமிஷம் தலை ஆடவே கூடாது. ஆடிட்டா ஒண்ணும் தெரியாது" என்றார் டாக்டரம்மா.

"இவளா ஆடுவா?" கோவிந்தராசு சிரித்தார். "தாலி கட்டறப்பவே கல்லாட்டம் ஒக்காந்திருந்தா. நான்தான் ஆடினேன்."

"மாலையில எறும்பு இருந்துச்சுன்னு இன்னமும் சொல்லிக்கினு திரியறாரு" என்றார் சொர்ணாம்பாள்.

ஸ்கேன் எடுக்கும் வெண்மதி அவரைப் படுக்கவைத்து, "மருந்து ஏறும்போது ஒடம்பு பூரா சூடா ஓடும், பயப்படாதீங்கம்மா" என்றாள்.

"சூளை வாசல்ல இருவது வருஷம் நின்னவ நான். நீ ஏத்து பாப்பா."

மிஷின் சுற்றியது. மருந்து ஏறியது. சொர்ணாம்பாளின் தலை மயிரிழைகூட நகரவில்லை.

"முடிஞ்சுதும்மா, எழுந்திருங்க."

அசைவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டாள். அப்போதும் அசைவில்லை. வெண்மதிக்கு வேர்த்துவிட்டது. "டாக்டர்!" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வாசலில் நின்ற கோவிந்தராசு உள்ளே எட்டிப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எடுத்தாச்சு!"

சொர்ணாம்பாள் சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். "இவ்ளோ நேரம் என்னா பண்ணீங்க? கழுத்து புடிச்சிக்கிச்சு!"

கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்த டாக்டரம்மா வியந்துபோனார். "எத்தனையோ பேருக்கு எடுத்திருக்கேன், இவ்ளோ சுத்தமா ஒரு படம் வந்ததில்ல. இதோ பாருங்க, ரத்தம் வேகமா ஓடினா செவப்பா தெரியும். இந்தத் திட்டு வெறும் நீலம். தழும்புதாம்மா. இப்போ ஆபரேஷன் வேணாம், மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துக்கலாம்."

கோவிந்தராசு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சொர்ணாம்பாள் வலது கையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"நீலம் நல்ல நீலந்தான். ஆனா ஓரமெல்லாம் வழிஞ்சிருக்குது. நானா இருந்தா இப்படி வுடுவனா?"

பஸ் விருத்தாசலம் வந்து சேர்வதற்குள் அந்த ஒரு நிமிஷம் கோவிந்தராசு வாயில் அரை மணி நேரமாகி, பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது.

"பொய் சொல்லாதீங்க" என்று அதட்டினார் சொர்ணாம்பாள். "முக்கா மணி நேரம்."