டச்சுப் பத்திரத்துக்கு வைத்த பொட்டு

புலாவ் செபாங் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் எஸ்டேட்டை வீடு கட்டும் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. மாரியம்மன் கோயிலை இடம் மாற்றச் சொல்கிறார்கள். கோயில் தலைவரின் மகள் சட்டம் படிக்கிறவள். அந்த நிலத்துக்கு டச்சுக்காரன் காலத்துப் பத்திரம் ஆவணக் காப்பகத்தில் இருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். கோயில் நிற்கும் துண்டு அந்தப் பத்திரத்து எல்லைக்கு வெளியே இருந்தால், கம்பெனி தொட முடியாதாம். எல்லை பழைய ஆறு. ஆற்றுத்தடம் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிப்போனாள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பத்திரத்துக்குச் செய்யும் மரியாதை தெரியும். பத்து பெரண்டாம் ஊரில் வீடு வாங்கியபோது, கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தின் நாலு மூலையிலும் குங்குமம் வைத்தேன். சீன வக்கீல் சிரித்தார். சிரிக்கட்டும், அந்த வீட்டில்தான் இன்றுவரை இருக்கிறோம், மாமரம்கூடக் காய்க்கிறது.

காப்பகத்தில் கை கழுவச் சொன்னார்கள். கழுவினேன். மலாய்க்கார அதிகாரியம்மா பத்திரத்தைக் கொண்டுவந்து, பச்சைக் குழந்தையைப் போல ஒரு தலையணையில் கிடத்தினார். பழுப்புத் தாள், சுழி சுழியாய் எழுத்து, ஓரத்தில் ஆற்றுக்கு ஒரு கோடு. காலையில் அம்மன் சன்னதியில் வாங்கிய குங்குமம் சட்டைப்பையில் இருந்தது. ஈர விரலால் தொட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் பொட்டு வைத்தேன்.

"பாக்சிக்! ஜாங்கான்!" அதிகாரியம்மா வேண்டாமென்று அலறி என் கையைப் பிடித்துவிட்டார். அதற்குள் சிவப்பு ஊறிக் கோட்டின்மேல் பரவிவிட்டது.

"ஐயோ தாத்தா, என்ன செஞ்சிட்டீங்க!"

"நல்லது நடக்கணும்னுதாம்மா..."

"நாமதான் கோட்ட மாத்திட்டோம்னு கம்பெனி வக்கீல் சொல்லுவான்லா!"

அதிகாரியம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை.

கம்பெனியோடு பேச்சு வைத்த அன்று கோயில் வேன் வாசலில் வந்து நின்றது. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். என் மனைவி கேட்டுக்குப் போய், "உள்ளதான் இருக்காரு, வெக்கப்பட்டுக்கிட்டு" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

தலைவர் உள்ளே வந்தார். "அண்ணே, ஆறு எங்க ஓடுச்சுன்னு இனிமே பேப்பர் சொல்லாது. நீங்கதான் சொல்லணும். சட்டைய போடுங்க."

போட்டேன். வேனில் ஏறினேன். ஆற்றை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். பழைய பாலம் தாண்டியதும் இடது பக்கம் திரும்புமா, வலது பக்கமா? அன்றைக்கென்று பார்த்துச் சந்தேகமாக இருந்தது. யாரிடமும் கேட்க வாய் வரவில்லை.