ரஜப் மாதத்தின் முப்பதாம் நாள்

கணக்கு டீச்சருக்கே கணக்குத் தப்பினால் என்னத்தைச் சொல்ல! கோபாரில் இருபத்தாறு வருடமாகப் பெண்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த லுல்வா, பஹ்ரைனுக்குப் போகும் கடல் பாலத்தின் நடுவே, பாஸ்போர்ட் ஜன்னல் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள்.

"உம்மா, இந்த அனுமதிச் சீட்டு நேத்தோட முடிஞ்சுபோச்சு," என்றான் அதிகாரி. "ரஜப் மாசக் கடைசி வரைக்கும்னு உங்க மகன் கையெழுத்துப் போட்டிருக்கார். இன்னிக்கு அடுத்த மாசம், ஷஃபான் ஒண்ணு."

"இன்னிக்கு ரஜப் முப்பது இல்லையா?"

"பிறைக் கணக்குப்படி இந்த வருஷம் ரஜப்புக்கு இருபத்தொம்பது நாள்தான்."

பள்ளிக்கூடம் நடக்கிற நாளென்றால் தினமும் பலகையில் தேதி எழுதுகிறவளுக்கு இது தெரிந்திருக்கும். பாழாய்ப்போன கோடை லீவு! புருஷன் செத்துப்போனபின் லுல்வாவுக்குப் பொறுப்பாளி மகன் மிஷால். அவன் கையெழுத்து இல்லாமல் அவள் எல்லை தாண்ட முடியாது. பெற்றவளுக்குப் பிள்ளை அனுமதி தரவேண்டுமாம், நல்ல நியாயம்!

கோபாரில் சினிமாக் கொட்டகையே கிடையாது; பாலத்துக்கு அந்தப்பக்கம் மனாமாவில் ஐந்து மணிக்குப் படம். இன்றோடு எடுத்துவிடுகிறார்கள். அவள் அண்ணன் ஜாசிம் நடித்த ஒரே படம் அது. நாடகப் பைத்தியம் பிடித்துக் குவைத்துக்கு ஓடிப்போனவன். வாப்பா அவனைத் தலைமுழுகினார். புருஷன் அவன் பேச்சையே எடுக்கவிடவில்லை. இருபத்திரண்டு வருடமாக முகத்தைப் பார்க்காமலே இருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அவன் அங்கேயே மவுத்தாகி அடக்கமும் ஆகிவிட்டான்.

மிஷாலிடம் அத்தர் வாங்கப் போவதாகத்தான் சொல்லியிருந்தாள்.

"மகன் நேர்ல வந்து உங்ககூடப் போனா சீட்டே வேண்டாம். போன் போடுங்க," என்றான் அதிகாரி. அதற்குள் அவள் வந்த பஸ் கிளம்பிப் போய்விட்டது.

போனில் மிஷால் சலித்துக்கொண்டான். "அத்தருக்கா இவ்வளவு அவசரம்? அடுத்த வாரம் பாக்கலாம். திரும்பி வாங்க உம்மா."

உண்மையைச் சொன்னால் கத்துவான். இனிமேல் சீட்டே தராமலும் போகலாம். சொல்லாவிட்டால் வரவே மாட்டான்.

"அத்தர் இல்லடா. சினிமா. உன் மாமா நடிச்சது."

"அந்தக் கூத்தாடியா? உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"அவன் மவுத்தானப்போ துக்கத்துக்குக் கூட்டிட்டுப் போன்னு உன் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். லீவு இல்லைன்னே. வாயைப் பொத்திக்கிட்டேன். இன்னிக்கு அவன் முகத்தை நான் பாக்கணும். வர்றியா, மாட்டியா?"

மிஷால் போனைத் துண்டித்துவிட்டான்.

மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. வியாழக்கிழமைக் கூட்டம்; ஊரே பாலத்துக்கு வந்துவிட்டது போல் கார்கள். மிஷாலுடைய கார் வெள்ளை; ஒவ்வொரு வெள்ளைக் காருக்கும் லுல்வா எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். "அவர் வரலைன்னா கோபார் பஸ்ல ஏத்திவிடறேன்," என்றான் அதிகாரி. அவன் இரக்கம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

நாலரைக்கு மிஷால் வந்தான். மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டை நீட்டினான். வழி நெடுக ஹாரனை அடித்துக்கொண்டே காரை விரட்டினான்.

தியேட்டருக்குள் நுழைந்தபோது படம் ஓட ஆரம்பித்து அரைமணி ஆகியிருந்தது. அதற்குள் ஜாசிம் திரையில் வந்துவிட்டுப் போய்விட்டானோ? முகத்திரைக்குள்ளிருந்து கண்ணிமைக்காமல் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். கல்யாணம் வந்தது, சண்டை வந்தது, யார் யாரோ வந்தார்கள். ஜாசிம் மட்டும் வரவில்லை.

ஒரு மணிநேரம் கழித்து ஒரு கிழவர் மீன் கூடையோடு திரையில் வந்தார். நரைத்த தாடி, கூன் முதுகு. யாரோ என்று இருந்தாள். அவர் சிரித்தார். ஐயோ, அதே சிரிப்பு!

லுல்வா முகத்திரையைத் தூக்கிப் பின்னால் போட்டாள்.

"உம்மா, ஆம்பிளைங்க இருக்காங்க. முகத்தை மூடுங்க," என்று மிஷால் பதறினான்.

"கூடப்பிறந்தவன் எதிர்ல எவடா முகத்தை மூடுவா?"

மிஷால் திரையைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு தன் தலைத்துணியை உருவி, பக்கத்து வரிசைக்கு அவள் தெரியாதபடி ஓரமாகத் தூக்கிப் பிடித்தான். மாமா திரையில் இருந்தவரைக்கும் அவன் கையை இறக்கவில்லை.